வீட்டுக் காப்பீடு: சொந்த வீட்டுக்காரர், வாடகைக்கு விட்டவர், குடியிருப்பவர் மூவருக்குமான முழுமையான வழிகாட்டி

வீட்டுக்குக் காப்பீடு எடுக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது ‘ப்ரீமியம் எவ்வளவு?’ என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இழப்பீடு கோரும் நாளில் காப்பீட்டு நிறுவனம் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்கும்: சேதமடைந்தது யாருடைய சொத்து, எதனால் சேதமடைந்தது, அதன் மதிப்பு எந்த அளவுகோலில் கணக்கிடப்பட்டிருக்கிறது. பாலிசி எடுக்கும்போதே இந்த மூன்றுக்கும் அதே வரிசையில் விடை எழுதி வைத்திருப்பவருக்குப் பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி வருவதில்லை. ஆகவே கீழே உள்ள படிகளை மாற்றிப் போடாமல் வரிசையாகவே செய்யுங்கள்.

இந்த வழிகாட்டி இந்தியாவில் குடியிருப்பு வீடுகளுக்கான பாலிசிகளைப் பற்றியது. 2021 ஏப்ரல் 1 முதல் இங்கே பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான அடிப்படைப் பாலிசியை வழங்கியாக வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றே என்பதால், கீழே சொல்லப்படுவது பெரும்பாலும் அதை ஒட்டியதாக இருக்கும்.

1. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

பத்திரத்தின் நகல், அனுமதி பெற்ற கட்டட வரைபடம், கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது ஆகிய மூன்றும் உரிமையாளருக்கு வேண்டும். வரைபடம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். படிவத்தில் எழுதப்படும் பரப்பளவுதான் காப்பீட்டுத் தொகைக்கு அடிப்படை என்பதால், அதை நினைவிலிருந்து எழுதக் கூடாது.

வாடகைக்கு விட்டவரும் குடியிருப்பவரும் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்ய வேண்டும். நாளைக்கு ‘வாடகை வருமானம் போயிற்று’ என்று கோரும்போது மாத வாடகை எவ்வளவு என்பதற்கு அந்த ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கு வரவையும் விட நல்ல ஆதாரம் இல்லை.

வீட்டுக்கடன் இருந்தால் கடன் அனுமதிக் கடிதமும், அதனுடன் வங்கி கொடுத்த காப்பீட்டுத் தாள்கள் அனைத்தும் வேண்டும். அவற்றை மூன்றாம் படியில் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

2. எது யாருடையது என்று பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, ஒன்றில் கட்டடத்தையும் அதனுடன் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டவற்றையும், மற்றொன்றில் எடுத்துச் செல்லக்கூடிய பொருட்களையும் எழுதுங்கள். சுவர், கூரை, தரை, கதவு, சுற்றுச்சுவர், கேட், வண்டி நிறுத்தும் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், மாடியில் உள்ள சோலார் தகடுகள் ஆகியவை கட்டடத்தைச் சேர்ந்தவை. பீரோ, கட்டில், குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, துணிமணி, பாத்திரம் ஆகியவை உள்ளிருக்கும் பொருட்கள். இந்த இரண்டுக்கும் பாலிசியில் தனித்தனித் தொகை உண்டு. ஒன்றில் மிச்சம் இருந்தால் மற்றொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே உரிமையாளர் பெயரை எழுதுங்கள். தான் குடியிருக்கும் சொந்த வீடு என்றால் இரண்டு பத்திகளிலும் ஒரே பெயர் வரும். வாடகை வீடு என்றால், கட்டடம் வீட்டுக்காரருடையது, பொருட்கள் குடியிருப்பவருடையவை. வீட்டுக்காரர் பாலிசி வைத்திருந்தாலும் குடியிருப்பவரின் ஒரு நாற்காலிக்குக்கூட அதிலிருந்து பணம் வராது. ‘ஓனர் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார், அதுவே போதும்’ என்று சொல்லும் குடித்தனக்காரர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள்.

இடைப்பட்டவை சில உண்டு. வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்த ஏ.சி., கெய்சர், மாடுலர் சமையலறை ஆகியவை அவருடையவை. குடியிருப்பவர் தன் செலவில் பொருத்திய ஏ.சி. அவருடையது, ஆனால் சுவரில் மாட்டியிருப்பதால் கட்டடத்தின் பகுதி போலத் தெரியும். இப்படிப்பட்டவற்றை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் பெயர், வரிசை எண்ணுடன் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது. சேதம் நேர்ந்த பிறகு எழுதும் பட்டியலை யாரும் நம்புவதில்லை.

கீழே கடை, மேலே வீடு என்ற அமைப்பு நம் ஊர்களில் ஏராளம். குடியிருப்புப் பாலிசி குடியிருப்புக்கானது மட்டுமே. கடைப் பகுதியையும் சேர்த்து ‘வீடு’ என்று எழுதிவிட்டால் இழப்பீட்டு நேரத்தில் முழுக் கோரிக்கையும் ஆட்டம் காணும். 5 கோடி ரூபாய் வரையிலான வணிகச் சொத்துகளுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற வேறு பாலிசி இருக்கிறது. கடைக்கு அதையும், வீட்டுக்கு இதையும் தனியாக எடுக்க வேண்டும். மாடியில் கீற்றுக் கொட்டகையோ தகர ஷெட்டோ போட்டிருந்தால் அதையும் படிவத்தில் சொல்லிவிடுங்கள்.

3. ஏற்கெனவே எந்தப் பாலிசி இருக்கிறது என்று பாருங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இந்தப் படியை முடிக்க வேண்டும். காரணம், இல்லாததை இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் அதிகம்.

வீட்டுக்கடன் வாங்கும்போது வங்கி ஏதோ ஒரு காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருக்கும். அந்தத் தாளின் தலைப்பைப் படியுங்கள். கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் பாலிசி என்றால் அது ஆயுள் காப்பீடு. வீடு எரிந்தாலும் இடிந்தாலும் அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. தலைப்பில் ‘கிருஹ ரக்ஷா’ என்றோ தீ, அதைச் சார்ந்த ஆபத்துகள் என்றோ இருந்தால்தான் அது சொத்துக் காப்பீடு. அப்படி இருந்தாலும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். காப்பீட்டுத் தொகை கடன் அளவுக்கு மட்டும் போடப்பட்டிருக்கலாம். மேலும் வங்கியின் பெயர் பாலிசியில் சேர்க்கப்பட்டிருந்தால், கட்டடத்துக்கான இழப்பீடு முதலில் வங்கிக்குத்தான் போகும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கத்திடம் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். முழுக் கட்டடத்துக்கும் சங்கம் எடுத்திருந்தால், அதில் உங்கள் வீட்டின் உட்பகுதி சேருமா, பொது இடங்கள் மட்டுமா என்று பார்க்க வேண்டும். ஒரே சுவருக்கு இரண்டு பாலிசி இருந்தாலும் இழப்பு ஒன்றுதான், ஈடும் ஒன்றுதான். இரட்டிப்பாக ப்ரீமியம் கட்டுவதால் இரட்டிப்பாகக் கிடைக்காது.

4. எந்த ஆபத்து சேரும், எது சேராது

தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு, காட்டுத்தீ, வெளியிலிருந்து வந்து மோதும் வாகனம் அல்லது மரம், கலவரம், வேலைநிறுத்தம், விஷமச் செயல், பயங்கரவாதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தல் அல்லது நிரம்பி வழிதல் ஆகியவை பாரத் கிருஹ ரக்ஷாவின் அடிப்படைப் பட்டியலிலேயே இருக்கின்றன. முன்பு கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியிருந்த நிலநடுக்கமும் பயங்கரவாதமும் இப்போது உள்ளேயே வருகின்றன.

ஆனால் மனக்கசப்பு தொடங்குவது பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றில்தான்.

முதலாவது, மெல்ல மெல்ல நேரும் சேதம். மேல்மாடித் தொட்டி உடைந்து ஒரே இரவில் கூரை வழியே தண்ணீர் கொட்டி உட்கூரை பெயர்ந்தால் அது காப்பீட்டு நிகழ்வு. அதே கூரையில் பல மழைக்காலமாக நீர் கசிந்து, சுவரில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு உதிர்ந்தால் அது பராமரிப்புக் குறை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறைதான். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அந்தக் கறையின் ஓரத்தைப் பார்ப்பார்: வட்டம் வட்டமாகப் பழைய பழுப்பு விளிம்புகள் அடுக்கடுக்காக இருந்தால் அது பழைய கசிவு என்று எழுதிவிடுவார். கரையான், துரு, இயல்பான தேய்மானம் ஆகியவையும் இதே வகைதான்.

இரண்டாவது, மின் சாதனங்கள். மின்னழுத்தம் ஏறியிறங்கி, அல்லது உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகி குளிர்சாதனப் பெட்டி புகைந்து போனால், அந்தப் பெட்டிக்கு அடிப்படைப் பாலிசியில் ஈடு இல்லை. அதிலிருந்து தீ பரவி அலமாரியும் திரையும் எரிந்தால் அவற்றுக்கு உண்டு. கேட்கும்போது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் விலக்கு அந்தக் குறிப்பிட்ட இயந்திரத்துக்கு மட்டுமே என்று பாலிசியில் தெளிவாக எழுதியிருக்கிறது. சாதனம் பழுதாவதற்கு ஈடு வேண்டுமென்றால், மின்சாதனப் பழுதுக்கான கூடுதல் காப்பை நிறுவனத்திடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, வெள்ளத்தில் மூழ்கும் வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தரைத்தள வாகன நிறுத்தங்கள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வண்டி வீட்டுக்குள்ளேயே நின்றிருந்தாலும் வீட்டுப் பாலிசியில் சேராது. அது வாகனக் காப்பீட்டின் வேலை.

ரொக்கப் பணம், காசோலை, பத்திரங்கள், கட்டித் தங்கம் ஆகியவையும் அடிப்படைக் காப்பில் இல்லை. போர், அணுக்கதிர், வேண்டுமென்றே செய்த சேதம் ஆகியவை எல்லாப் பாலிசியிலும் விலக்கப்பட்டவை என்பதால் அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

5. கட்டடத்துக்கான தொகையைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆகவே நிதானமாகச் செய்யுங்கள்.

காப்பீடு செய்யப்படுவது சந்தை விலை அல்ல, மீண்டும் கட்ட ஆகும் செலவு. வீடு இடிந்தாலும் மனை அங்கேயே இருக்கும். அடுக்குமாடியில் உங்கள் பெயரில் இருக்கும் பிரிபடாத மனைப்பங்கும் எங்கும் போய்விடாது. எனவே 90 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட்டை 90 லட்சத்துக்குக் காப்பீடு செய்வது வீண் செலவு. பத்திரத்தில் உள்ள வழிகாட்டி மதிப்பை எழுதுவதும் தவறு. அது பதிவுக் கட்டணத்துக்கான மதிப்பு, மீண்டும் கட்ட ஆகும் செலவு அல்ல.

ஒரு எடுத்துக்காட்டு. கட்டுமானப் பரப்பு 1,200 சதுர அடி, வெளிச்சுவர்களைக் கழித்த கார்ப்பெட் பரப்பு 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் அந்தத் தரத்தில் கட்ட மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ சதுர அடிக்கு 2,500 ரூபாய் கேட்கிறார். அவர் கேட்பது கட்டுமானப் பரப்புக்கான விலை. ஆகவே மொத்தம் 1,200 × 2,500, அதாவது 30 லட்சம். ஆனால் பாலிசியின் கணக்கு, கார்ப்பெட் பரப்பை ஒரு அலகுக்கான கட்டுமானச் செலவால் பெருக்குவது. 1,000 சதுர அடியை 2,500-ஆல் பெருக்கினால் 25 லட்சம்தான் வரும். சுவர்களின் விலை காணாமல் போய்விடும். எனவே 30 லட்சத்தை 1,000-ஆல் வகுத்து, கார்ப்பெட் சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்று விலையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு பள்ளம் அலகில் இருக்கிறது. பாரத் கிருஹ ரக்ஷாவின் கணக்கு சதுர மீட்டரில் இருக்கிறது. நாம் யோசிப்பதோ சதுர அடியில். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. மேற்சொன்ன வீடு 92.9 சதுர மீட்டர், விலை சதுர மீட்டருக்குச் சுமார் 32,290 ரூபாய். பரப்பைச் சதுர மீட்டருக்கு மாற்றிவிட்டு, விலையை மட்டும் 3,000 என்றே விட்டுவிட்டால், 30 லட்சம் பெற வேண்டிய வீடு ஏறக்குறைய 2.79 லட்சத்துக்குக் காப்பீடு ஆகிவிடும். ப்ரீமியம் மலிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து கையெழுத்திடுபவர்கள் உண்டு.

குடியிருப்புப் பாலிசியில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது: குறைவான தொகைக்குக் காப்பீடு செய்திருந்தாலும் இழப்பீட்டை விகிதப்படி வெட்ட மாட்டார்கள். கடைக்கான பாலிசிகளில் வெட்டுவது வழக்கம். 30 லட்சம் பெறும் கட்டடத்தை 15 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 4 லட்சத்துக்குச் சேதம் நேர்ந்தால், பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்தீர்கள் என்று 2 லட்சமே தருவார்கள். வீட்டுக்கு அந்த வெட்டு இல்லை, முழு 4 லட்சமும் கிடைக்கும். ஆனால் இந்தச் சலுகையை நம்பி வேண்டுமென்றே குறைத்து எழுதாதீர்கள். வீடு முழுவதும் போனால் கையெழுத்திட்ட தொகைக்கு மேல் வராது. பரப்பளவைப் பொய்யாக எழுதியது தெரிந்தால், அது உண்மையை மறைத்த குற்றச்சாட்டாக மாறும்.

பாலிசியை ஓராண்டு முதல் பத்தாண்டு வரை எடுக்கலாம். நீண்ட காலப் பாலிசியில் ஒவ்வோர் ஆண்டு நிறைவிலும் கட்டடத் தொகை கூடுதல் ப்ரீமியம் இல்லாமல் 10 சதவீதம் உயரும்; தொடக்கத் தொகைக்கு மேல் இப்படி 100 சதவீதம் வரை ஏறலாம். சிமெண்ட், மணல் விலை போகிற போக்கில் இது சிறிய விஷயம் அல்ல. கடனே இல்லாத சொந்த வீடு என்றால் நீண்ட காலப் பாலிசியே நல்லது என்பது என் கருத்து. புதுப்பிக்க மறந்த ஆண்டில்தான் புயல் வருகிறது என்று சொன்னால் மூடநம்பிக்கையாகத் தோன்றலாம். ஆனால் புதுப்பிக்க மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

6. உள்ளிருக்கும் பொருட்களின் தொகை

கட்டடத்தையும் பொருட்களையும் சேர்த்து எடுப்பவருக்குப் பொதுப் பொருட்களுக்கான காப்பு கட்டடத் தொகையில் 20 சதவீதமாகத் தானாகவே சேரும். உச்சவரம்பு 10 லட்சம். மேற்சொன்ன 30 லட்சம் வீட்டுக்கு 6 லட்சம். இது போதாது என்றால் பட்டியல் கொடுத்து உயர்த்திக்கொள்ளலாம். மேலே சொன்ன அலகுப் பிழையைச் செய்தவருக்கு இந்தத் தொகையும் சுமார் 56,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். ஒரு பிழை இரண்டு இடத்தில் கடிக்கிறது.

குடியிருப்பவருக்கு இந்தத் தானியங்கிக் கணக்கு இல்லை. அவர் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுத்து, தொகையைத் தானே சொல்ல வேண்டும். அறை அறையாக நடந்து, அலமாரிகளைத் திறந்து, கைப்பேசியில் ஒரு காணொளி எடுங்கள். சமையலறையிலிருந்து தொடங்குங்கள். குறைத்து மதிப்பிடப்படுவது எப்போதும் சமையலறையும் துணி அலமாரியும்தான். மிக்ஸி, கிரைண்டர், குக்கர், பித்தளைப் பாத்திரங்கள், பட்டுப்புடவைகள் என்று எழுதிக்கொண்டே போனால், தொலைக்காட்சியின் விலையை அவை எளிதில் தாண்டிவிடும். மின் சாதனங்களின் பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைப் படமெடுத்து, காணொளியுடன் மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். கைப்பேசியும் வெள்ளத்தில் போகக்கூடிய பொருள்தான்.

நகை, ஓவியம், கலைப்பொருட்கள் ஆகியவை பொதுப் பொருட்களில் சேரா. அவற்றுக்கு விருப்பக் காப்பு ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் தருவார்கள். மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும் ஒவ்வொரு பொருளும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவையில்லை. நகை வங்கி லாக்கரில் இருக்கிறது, வங்கி பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு, லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். அதற்கு எத்தனை சவரன் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

7. திருட்டைத் தனியாகக் கேளுங்கள்

அடிப்படைப் பாலிசியில் திருட்டு மிகக் குறுகிய அளவில்தான் இருக்கிறது: பட்டியலில் உள்ள ஏதாவது ஓர் ஆபத்து நேர்ந்து, அதன் விளைவாக ஏழு நாட்களுக்குள் பொருள் திருடு போனால் மட்டுமே. வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறியிருந்தபோது திருடப்பட்டது என்றால் வரும். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பூட்டை உடைத்தார்கள் என்றால் வராது.

ஆகவே பூட்டை உடைத்துத் திருடுவதற்கான காப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது இரண்டு வரிகளைப் படித்துப் பாருங்கள். பலவந்தமாக உள்ளே நுழைந்த அடையாளம் தேவையா என்பது ஒன்று. திறந்திருந்த கதவு வழியாக நடந்த திருட்டு, வேலைக்கு வருபவர் எடுத்தது ஆகியவை அப்போது விடுபட்டுப் போகும். வீடு தொடர்ந்து எத்தனை நாள் பூட்டிக் கிடக்கலாம் என்பது மற்றொன்று. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வரிதான் உயிர்நாடி.

8. வாடகையைச் சார்ந்த காப்பு

காப்பீட்டு ஆபத்து ஒன்றால் வீடு குடியிருக்கத் தகாததாகி, பழுதுபார்க்கும் காலத்தில் வாடகை நின்று போனால், அந்த இழப்பு கட்டடக் காப்பின் பகுதியாகவே ஈடு செய்யப்படும். மாதம் 18,000 ரூபாய் வாடகை வந்த வீடு தீ விபத்துக்குப் பின் நான்கு மாதம் பழுதுபார்ப்பில் இருந்தால் 72,000 ரூபாய் கோரலாம். சொந்த வீட்டில் குடியிருந்தவர் வெளியே வாடகைக்குப் போக நேர்ந்தால் அந்த வாடகையும் இதே பிரிவில் வருகிறது. ஆனால் குடித்தனக்காரர் காலி செய்து போய் வீடு சும்மா கிடந்தாலோ, வாடகை தராமல் இழுத்தடித்தாலோ இதில் எதுவும் கிடையாது. அது காப்பீட்டுப் பிரச்சினை அல்ல, ஒப்பந்தப் பிரச்சினை.

சொந்தக் குடியிருப்பு என்று பாலிசி எடுத்துவிட்டு இடையில் வாடகைக்கு விட்டால், அதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துத் திருத்தக் குறிப்பு வாங்குங்கள். கட்டணம் கூடாமலேகூட முடிந்துவிடலாம், ஆனால் தெரிவிக்காமல் விட்டது இழப்பீட்டு நேரத்தில் உங்களுக்கு எதிராக எழுதப்படும்.

குடியிருப்பவர் கவனிக்க வேண்டியது வேறு. பொருட்களுக்கு மட்டும் எடுத்த பாலிசியில், வேறு வீட்டுக்குப் போக நேர்ந்தால் ஆகும் கூடுதல் வாடகை சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். அதைவிடப் பெரியது பொறுப்பு. உங்கள் அஜாக்கிரதையால் அடுப்பிலிருந்து தீப்பிடித்து வீட்டுக்காரரின் கட்டடம் எரிந்தால், அவருடைய காப்பீட்டு நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவருடைய இடத்தில் நின்று உங்களிடம் அதை வசூலிக்க வழக்குத் தொடரலாம். எனவே மூன்றாம் நபர் சேதத்துக்கான பொறுப்புக் காப்பு கிடைக்குமா என்று கேட்பது வீண் பேச்சல்ல.

இதனோடு சேர்ந்த ஒரு சிறு குறிப்பு: சமையல் எரிவாயு விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்களே ஒரு காப்பீடு வைத்திருக்கின்றன. சொத்துச் சேதத்துக்கு ஒரு நிகழ்வுக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய். ஆனால் இணைப்பு பதிவாகியிருக்கும் முகவரியில் விபத்து நேர்ந்திருக்க வேண்டும். வீடு மாறும்போது சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய், முகவரியை மாற்றாமல் விடுபவர்கள் இதை இழக்கிறார்கள்.

9. படிவமும் பணமும்

இப்போதுதான் விலை விசாரிக்க வேண்டும். அடிப்படை வாசகம் எல்லா நிறுவனத்திலும் ஒன்றே என்பதால், ஒரே தொகையைச் சொல்லி மூன்று இடத்தில் கேட்டாலே நேர்மையான ஒப்பீடு கிடைக்கும். ப்ரீமியத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, 2025 செப்டம்பரில் வந்த வரிவிலக்கு தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு மட்டுமே.

படிவத்தை முகவர் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ப்ரீமியம் நிறுவனத்தின் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பொறுப்பு தொடங்கும் என்பது காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு, காசோலை திரும்பினால் பாலிசியும் இல்லை. எனவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

பாலிசி வந்ததும் பெயர், முகவரி, கதவு எண், பரப்பு, தொகை, வங்கியின் பெயர் ஆகியவற்றைச் சரிபாருங்கள். ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்கும். பின்னால் ஓர் அறையைக் கூடுதலாகக் கட்டிக் கார்ப்பெட் பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடினால், அதைத் தெரிவித்துக் கூடுதல் ப்ரீமியம் கட்டியே ஆக வேண்டும். கட்டாவிட்டால் அந்தப் பகுதிக்குக் காப்பு இல்லை.

10. சேதம் நேர்ந்த நாளில்

முதலில் ஆட்களைப் பத்திரமாக வெளியேற்றுங்கள், மின் இணைப்பைத் துண்டியுங்கள். அடுத்த வேலை துடைப்பத்தை எடுப்பது அல்ல, கைப்பேசியை எடுப்பது. வெள்ளம் வடிந்ததும் சுவரில் ஒரு சேற்றுக்கோடு நிற்கும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளவுநாடாவைப் பிடித்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். பொருட்கள் எந்த உயரத்தில் இருந்தன, எவை நனைந்திருக்க முடியும் என்ற வாதங்கள் அனைத்தையும் அந்த ஒரு படம் முடித்துவைக்கும். நனைந்த குளிர்சாதனப் பெட்டியை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று இயக்கிப் பார்க்காதீர்கள். வெள்ளச் சேதமாக இருந்தது அந்த நொடியில் மின்பழுதாக மாறிவிடும்.

அன்றே நிறுவனத்துக்குத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தெரிவித்துக் கோரிக்கை எண்ணை வாங்குங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை, திருட்டு என்றால் காவல் நிலைய எஃப்.ஐ.ஆர். வேண்டும். சேதம் மேலும் பரவாமல் தடுப்பது உங்கள் கடமை. ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய் போடலாம், அதன் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சேதமான பொருட்களைச் சர்வேயர் பார்க்கும் முன் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். உடைந்த பொருளுக்கும் ஒரு மிச்ச மதிப்பு உண்டு. அதை இழப்பீட்டில் கழிப்பார்கள் என்பதால் பொருள் கண்ணில் பட வேண்டும்.

சர்வேயர் உரிமம் பெற்ற தனி வல்லுநர். அவர் பரிந்துரைப்பார், முடிவெடுப்பது நிறுவனம். அவரிடம் ‘மொத்தம் நான்கு லட்சம் ஆகும்’ என்று வாயால் சொல்வதில் பயனில்லை. பழுதுக்கான மதிப்பீட்டை வேலை வாரியாகக் கொடுங்கள்: உடைந்த பூச்சைக் கொத்துவது, மறுபூச்சு, மின்கம்பி மாற்றம், வண்ணம் என்று பரப்பளவும் விலையும் தனித்தனியாக இருக்க வேண்டும். இடிபாடுகளை அகற்றும் செலவு கோரிக்கைத் தொகையில் 2 சதவீதம் வரையிலும், பொறியாளர் கட்டணம் 5 சதவீதம் வரையிலும் கிடைக்கும். இவற்றைக் கேட்காமல் விடுபவர்களே அதிகம்.

11. குறைத்தாலோ மறுத்தாலோ

மறுப்பு எழுத்தில், எந்த விதியின் கீழ் என்ற குறிப்புடன் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். குறைந்த தொகைக்கு ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்டால், உடன்பாடில்லை என்பதை மின்னஞ்சலில் பதிவு செய்யாமல் கையெழுத்திடாதீர்கள்.

பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியவும் செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் வழங்கலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

இங்கேயும் வரிசை முக்கியம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விவகாரத்தைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். குறைதீர்ப்பாளரின் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு அதில் திருப்தி இல்லையென்றால் அதன் பின்னும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி உண்டு. அதற்கான காலவரம்பு இரண்டாண்டு என்பதால், மறுப்புக் கடிதத்தின் தேதியை முதல் நாளே நாட்காட்டியில் குறித்துவிட்டுத் தொடங்குங்கள்.